கூடுதலாக ஒரு கோடு

அந்தத் தெருவில் யாருக்காவது உடம்பில் தடிப்புத் தடிப்பாக வீங்கினால், முதலில் வந்து தட்டுவது ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டுக் கதவைத்தான். எல்லாம் அவனுடைய அக்கா செய்த வேலை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தையல் மெஷினோடு வந்து, வருஷக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டவள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், எதிர்வீட்டு ஜன்னலில் தலை நீட்டுகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல், "எங்க வீட்டுல பூச்சி டாக்டரே இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

மெக்கானிக்கின் மனைவி டாக்டர்தான். ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அவள் ஆராய்கிற பூச்சி மனிதர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"மனுஷனைக் கடிக்காத பூச்சிக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை முழங்கையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"அது உங்க சோத்தைக் கடிக்குதுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய் அவருக்கு ஒரு களிம்பு எடுத்து வந்து கொடுத்தாள். வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது அவளுக்கு வராது.

ஆனைக்கொம்பன் ஈ என்று பெயர் அதற்கு. பெயரைக் கேட்டால் காட்டை விட்டு இறங்கி வந்து வயலை மிதித்துப் போகிற சமாச்சாரம் என்று தோன்றும். ஆளைப் பார்த்தால் கொசுவுக்குத் தம்பி. வயிறு மட்டும் செக்கச் சிவந்திருக்கும். ஆயுசு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. அதற்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற புழு நெல்லின் தண்டுக்குள் நுழைந்து, குருத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குருத்து கதிர் விடாது. வெள்ளைவெளேரென்று, உள்ளே வெறும் கூடாக, யானைத் தந்தம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இதெல்லாம் மெக்கானிக்குக்குப் பிறகுதான் தெரிந்தது. முதன்முதலில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம், நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது, அது பழுதாகிவிட்டது, அதன் பக்கத்தில் ஒரு பெண் காவல் நிற்கிறாள் என்பது மட்டும்தான்.

"கதவைத் திறக்காதீங்க. உள்ள இருக்கிற குளிர் போயிடும். ஒரு வருஷ வேலை உள்ள இருக்கு" என்றாள் அவள், அவன் கையில் திருப்புளியை எடுத்ததுமே.

"கதவைத் திறக்காம எப்படி மேடம் ரிப்பேர் பண்றது? வாயைத் திறக்காம பல்லைப் புடுங்கச் சொல்றீங்களே."

அவள் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டிகளைக் கொண்டு வந்து, சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக அதற்குள் மாற்றினாள். கடைசிக் குப்பி போனபிறகுதான் தள்ளி நின்றாள். அவன் பின்பக்கத்தைக் கழற்றி, எரிந்துபோன ரிலேயை மாற்றினான். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் ஃப்ரீசருக்கா தனக்கா என்று யோசித்துக்கொண்டே அவன் வீடு போய்ச் சேர்ந்தான். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே, "கேஸ் லீக் ஆகுதான்னு பார்த்துட்டுப் போறேன்" என்று போய் நின்றான். அதற்கடுத்த வாரமும் போனான். நல்ல நிலையில் இருக்கிற ஃப்ரீசரை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கை அந்த நிலையம் அதுவரை கண்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்ட 'மேடம்' கல்யாணமான பிறகும் மாறவில்லை. வீட்டில், கடையில், கோபம் வந்தால்கூட மேடம்தான்.

அந்தப் போக்குவரத்தில்தான் அவள் தன் வேலையை அவனுக்கு விளக்கினாள். எந்த ஊர் ஆனைக்கொம்பனைப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஊரில் அந்த ஈக்கு அசைந்து கொடுக்காத நெல் ரகம், ஆற்றைத் தாண்டினால் மண்ணைக் கவ்வும். அங்கே இருப்பது வேறு வகை ஈ. எந்த ஊரில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்தால்தானே எந்த நெல்லைப் போடச் சொல்வது என்று தெரியும்? அதற்காகத்தான் அவள் ஈயின் மரபணுவுக்குள் அடையாளம் தேடினாள். புழுவை அரைத்து, மரபணுவைப் பிரித்து, அதில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் பிடித்துப் பல லட்சம் பிரதி எடுப்பது. பிறகு அதை ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓடவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்ப்பது. கோடு கோடாக ஒளிரும். கோடு இந்த இடத்தில் விழுந்தால் இந்த வகை; கொஞ்சம் தள்ளி விழுந்தால் அந்த வகை.

"கம்ப்ரஸர் மாதிரி. வெளியில பார்த்தா எல்லாம் கறுப்பு உருண்டைதான். உள்ள சுத்தியிருக்கிற காயில் கம்பி வேற வேற" என்றான் அவன்.

"கிட்டத்தட்ட" என்றாள். அவளிடம் 'கிட்டத்தட்ட' வாங்குவதே பெரிய மார்க் என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது.

வயலுக்குப் போவதென்றால் நிலையத்து ஜீப் எப்போதும் வேறு யாருக்கோ ஒதுக்கியிருக்கும். அவன்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போவான். முன்னால் அவன் கேஸ் சிலிண்டர், பின்னால் அவள் ஐஸ் பெட்டி. போகிற வழியில் அவனுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வேலை இருந்தால் அதையும் முடித்துவிடுவார்கள். அப்படிப் போகும்போதுதான், ஆறு வளைந்து திரும்புகிற இடத்திலிருந்த வயல்களில் அவள் வெள்ளைக் குருத்துகளைப் பறித்து வந்தாள்.

அந்த வயல்களின் புழுக்களில் ஜெல்லில் ஒரு கோடு கூடுதலாக விழுந்தது.

முதலில் கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி செய்தாள். எல்லாப் புழுவிலும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் புழுக்களில் அந்தக் கோடு, முன்பு எந்த ஊர் ஈயிலும் பார்க்காத இடத்தில், பளிச்சென்று நின்றது. மருந்துகளையெல்லாம் புதிதாகக் கலந்து செய்தாள். அப்போதும் நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "என்னங்க, புது வகை மாதிரி இருக்கு" என்றாள்.

'மாதிரி' என்ற சொல் அவன் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடைக்குத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அவன் கை வைத்த ஃப்ரிட்ஜ்களின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. "உலகத்துல யாரும் பார்க்காத ஈயை எங்க மேடம் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கம்ப்ரஸரைத் தூக்கி வைத்தான். அக்கா தன் பங்குக்குத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, அந்த ஈயைக் காக்காய் அளவுக்கு வளர்த்துவிட்டாள். நிலையத்தில் துறைத் தலைவருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். ஓய்வு பெறுவதற்குள் தன் துறையிலிருந்து ஒரு நல்ல செய்தி வர வேண்டும் என்று வெகுகாலமாகக் காத்திருந்தவர். ஆண்டுக் கூட்டத்தில் அவளை மேடையேற்றிப் பேசவைத்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. படத்தில் அவள் யாரோ திட்டிவிட்டதுபோல நின்றிருந்தாள். மெக்கானிக் அதை வெட்டிக் கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்கு மேலே ஒட்டினான்.

எல்லோரும் இனிப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. இதுவரை பார்த்ததெல்லாம் புழு. அந்தக் கோடு உள்ள ஈயை, இறக்கையோடு, முழு ஆளாகப் பார்க்க வேண்டும். ஆற்று வளைவிலிருந்து வேரும் மண்ணுமாகப் பயிரைப் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டாள். வெள்ளைக் குருத்துகளின் மேல் கண்ணாடிக் குழாய்களைக் கவிழ்த்து, வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருநாள் பட்டப்பகலில், வேலை நேரத்தில், அவள் மெக்கானிக்கின் கடைக்கு வந்தாள். அவள் அப்படி வந்ததே கிடையாது. கடைக்குள் உட்கார இடம் இல்லை. ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டிருந்தான். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

அவன் பயந்துவிட்டான். "என்ன மேடம்? உடம்பு சரியில்லையா?"

"அது ஈ இல்லைங்க."

"எது?"

"அந்தக் கோடு. அது குளவியோடது."

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவள் நிதானமாகச் சொன்னாள். குழாய்களில் சிலவற்றிலிருந்து ஆனைக்கொம்பன் வந்தது. அவற்றைச் சோதித்தால் ஒன்றில்கூட அந்தக் கூடுதல் கோடு இல்லை. மற்றக் குழாய்களிலிருந்து ஈயே வரவில்லை. கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாகக் குளவிகள் வந்தன. குளவியைத் தனியாகச் சோதித்தால் அந்தக் கூடுதல் கோடு மட்டும், வேறொன்றும் இல்லாமல், பளிச்சென்று விழுகிறது.

"குளவி ஈயோட முட்டைக்குள்ளயே தன் முட்டையை வச்சிடுது. புழு பாட்டுக்கு வளருது. அதுக்குள்ள குளவிக் குஞ்சுங்க வளருது. கடைசியில புழுவைத் தின்னுட்டு வெளிய வருது. நான் புழுவை அரைச்சப்ப உள்ள இருந்ததையும் சேர்த்து அரைச்சிருக்கேன். ஒரு தோலுக்குள்ள ரெண்டு பேர் இருந்திருக்காங்க. நான் ஒரு ஆளுன்னு நினைச்சுட்டேன்."

"அப்ப புது ஈ..."

"இல்லை."

அவன் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது. அவளும் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அது எந்தத் தண்ணீர் என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் கிரீஸ் இருந்ததால் தோளைத் தொடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஃப்ரிட்ஜ் இரண்டு பேர் பாரத்தில் முனகியது.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, கூட்டத்துல பேசினதை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க? அடுத்த வருஷம் வேற எதையாவது பேசு. இது தானா மறந்துபோகும். உன் பேரு கெட வேண்டாம்" என்றார். அவள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்.

"சார், வேற நிலையத்துல ரெண்டு பேர் என் கோட்டை வச்சு அவங்க ஊர்ல தேட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க வீணா அலைவாங்களே" என்றாள் அவள்.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து நின்று, "போன தடவை நான் புது வகைன்னு சொன்னது தப்பு" என்று ஆரம்பித்து, குளவியின் கதையைச் சொன்னாள். கூட்டத்தில் யாரோ "ஙொய்ங்..." என்று குளவி மாதிரி சத்தம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நிலையத்தில் அவளுக்குக் 'குளவி' என்று பெயர் ஆயிற்று. பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை. அதைப்பற்றி வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்பு மட்டும் தாறுமாறாக இருந்தது. அக்கா முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் நாள், "ஏம்மா, அழணும்னா குழம்புக்குள்ள அழாத. இங்க வா" என்று தையல் மெஷினை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். அவள் அங்கே உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். அக்கா வெட்டிப் போட்ட துணித்துண்டுகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கின் பாடுதான் திண்டாட்டம். சொல்லிவிட்ட செய்தியைத் திரும்ப வாங்குவது, போட்ட கேஸைக் குழாயிலிருந்து சிந்தாமல் திரும்ப எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் போய், "அது ஈ இல்லீங்க, குளவி" என்றான்.

"ஓ, அப்ப குளவியைக் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லீங்க. குளவி முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்ப என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

"தப்பு பண்ணினதைக் கண்டுபிடிச்சாங்க" என்றான் அவன், கொஞ்சம் ரோஷமாகவே. "அதுக்கும் படிப்பு வேணும்." டீக்கடைக்காரர் கையிலிருந்து அன்றைக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

ஆற்று வளைவில் பாதி வயல் ஒரு அம்மாவுக்குச் சொந்தம். உரத்த குரல், பெரிய தொப்பி. எல்லோரும் தொப்பியம்மா என்றே கூப்பிடுவார்கள். அடுத்த பருவத்தில் குருத்து பறிக்க அவர்கள் போனபோது, தொப்பியம்மா வரப்பிலேயே வழிமறித்தார்.

"ஏம்மா பூச்சி டாக்டரு, வருஷா வருஷம் வந்து என் பயிரைப் பிடுங்கிட்டுப் போறியே, எனக்கு ஒரு வழி சொன்னியா? மருந்தடிச்சாலும் வருது. அடிக்கலைன்னாலும் வருது. இன்னைக்கு அடிக்கணும்னு கலக்கி வச்சிருக்கேன்."

அவள் மருந்து டிரம்மைப் பார்த்தாள். பிறகு வயலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மெக்கானிக்குக்கு அந்தப் பார்வை பழக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, ரெண்டு நாள் பொறுக்க முடியுமா?" என்றாள்.

"எதுக்கு?"

"இந்தப் புழுங்கள்ல எத்தனை புழுவுக்குள்ள குளவி இருக்குன்னு பார்த்துச் சொல்றேன். நிறைய இருந்தா நீங்க மருந்தடிச்சு உங்க ஆளுங்களையே கொன்னுக்கிற மாதிரி ஆயிடும். வெளுத்த குருத்து போனது போனதுதான், அது திரும்பாது. ஆனா அடுத்த தலைமுறை ஈயை அந்தக் குளவிங்க எழும்ப விடாது."

தவறு என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்ட அதே கோடுதான் இப்போது குளவியைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம். புழுவைப் பிளந்து பூதக்கண்ணாடியில் தேடினால், குளவி முட்டையாக இருக்கும்போது யார் கண்ணுக்கும் படாது. ஜெல்லில் மட்டும் தப்பாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதி அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் முதுகில் அவள் தட்டிக்கொண்டே வந்ததில், நல்ல செய்திதான் என்று புரிந்தது. இந்த முறை டீக்கடையில் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான்.

தொப்பியம்மாவின் புழுக்களில் முக்கால்வாசிக்கு அந்தக் கோடு இருந்தது. "ஆத்தோரத்து வயலை விட்டுடறேன். மேட்டு வயல்ல அடிப்பேன். என் வீட்டுக்காரர் வாயை அடைக்கணும்ல" என்றார் அவர். அப்படியே ஆயிற்று. பின்பருவத்தில் மேட்டு வயலில் வெள்ளைக் குருத்து மறுபடி குப்பென்று கிளம்பியது. ஆற்றோரத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. தொப்பியம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே இரண்டு வயலுக்கும் நடுவில் நின்று வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுபமாக முடிந்துவிடவில்லை. ஆற்றுக்கு மேல்பக்கம் ஒரு கிராமத்தில் அவள் பொறுக்கச் சொன்ன வயலில் விடாத மழை பிடித்து, ஈ கூட்டம் கூட்டமாக வேறெங்கிருந்தோ வந்து இறங்கியது. அந்த விவசாயி நிலையத்துக்கே வந்து, கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டிவிட்டுப் போனார். அவள் அடுத்த பருவம் முழுக்க அவர் வயலுக்கே அடிக்கடி போய், மழைக்காலத்தில் எவ்வளவு நம்பலாம், எவ்வளவு நம்பக்கூடாது என்று பார்த்தாள். கடைசியில் அவர்தான், "வெயில்ல நிக்காதம்மா, பம்ப் ரூம்ல உக்காரு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது ஆற்றின் இரு கரையிலும் பல ஊர்க்காரர்கள் மருந்து கலக்குவதற்கு முன்னால் நாலு குருத்தை ஈரத்துணியில் சுற்றி நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். குளவி என்ற பெயர் போகவில்லை. கிண்டல் மட்டும் அதிலிருந்து போய்விட்டது. "குளவி மேடத்தைக் கேட்டுட்டு அடி" என்பது அந்தப் பக்கம் சாதாரணப் பேச்சு. அடுத்துவந்த பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. துறைத் தலைவர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் அவளைப்பற்றித்தான் அதிகம் பேசினார். தன் அறிவுரையை அவள் கேட்காததுதான் தன் காலத்தில் நடந்த நல்ல காரியம் என்றார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் தம்பி பொண்டாட்டி" என்று முழங்கையால் இடித்துச் சொன்னாள்.

போன மாதம் மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பூச்சிப் பேச்சே கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் மெக்கானிக் கடையை அடைத்தான். அவன் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அக்கா மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா மேடம்?"

அக்கா முகவாயால் காட்டினாள். மணல் முடிந்து உப்பங்கழி தொடங்குகிற இடத்தில், முழங்கால் உயரக் காட்டுப்புல்லுக்கு நடுவில் அவள் குனிந்துகொண்டிருந்தாள். அவன் கிட்டே போனதும் ஒரு புல்லைப் பிரித்துக் காட்டினாள். நடுவில் வெள்ளையாக ஒரு குருத்து நீட்டிக்கொண்டிருந்தது.

"நெல்லு இல்லாத காலத்துல குளவி எங்க போகுதுன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியல. இங்க இருந்தா எப்படி இருக்கும்?" என்றாள். பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லங்க, சும்மா பார்த்தேன். வாங்க போகலாம்."

மூன்று ஐஸ்கிரீமும் அவன் விரல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அவளுக்கு உரியதை நீட்டினான். தன்னுடையதையும் அக்காவுடையதையும் இரண்டே வாயில் முடித்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"எத்தனை வேணும் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினான்.